யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கமாகக் கடல்நீரேரியில் சேர்ந்துவிடும். குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாவற்றுக்கும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறோம். விஞ்ஞானம், புவியியல், சுகாதாரம் படிக்கும் பிள்ளைகள் இந்தத் தண்ணீரைப்பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஆறில்லாத ஊரில் கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மழையிலிருந்து மட்டுமே. வருடத்துக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மாரியில் விழுந்து முடிந்துவிடும். அந்த மூன்று மாதத்தில் நிலம் குடித்துவைப்பதைத்தான் மீதி ஒன்பது மாதமும் நாம் இறைக்கிறோம்.

வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணைத் தோண்டினால் பல இடங்களில் சில அடியிலேயே வெள்ளைக் கல் வந்துவிடும். அது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல், பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக இறங்கும். அந்த அமிலம் கல்லின் வெடிப்புகளை ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அரித்து, ஓட்டைகளும் குகைகளும் ஆக்கியிருக்கிறது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என நிலத்தடி நீரைத் தேக்கிவைத்திருக்கும் நான்கு முக்கிய நீர்ப்படுக்கைகள் இப்படி உருவானவைதான்.

இதில் ஒரு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மணல் நிலத்தில் தண்ணீர் துளித்துளியாக வடிந்து இறங்கும்போது ஓரளவு சுத்தமாகும். வெடித்த சுண்ணாம்புக்கல்லுக்குள் அது குழாயில் போவதுபோல ஓடும், அங்கே வடிகட்ட எதுவும் இல்லை. தரையில் ஊற்றியது என்னவோ அதுவே வாளியில் ஏறும். கீழே வரும் பாதிப் பதில்களுக்கு அடிப்படை இதுதான்.

நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லையா?

அடி இருக்கிறது. நிலத்தடிக் குகையொன்றின் கூரை இடிந்து விழுந்து உண்டான பள்ளம் அது, மிக ஆழமானது. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது அளந்து பார்த்த உண்மை. நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கிறது என்று பாடத்தில் வரும் சங்கதியைக் கண்ணால் காட்ட அதைவிட நல்ல இடம் குடாநாட்டில் இல்லை. கீரிமலைக் கேணியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். உள்நாட்டு மழைநீர் கல்லுக்குள்ளால் நடந்து கடலோரத்தில் வெளியே வருகிற வாசல் அது.

மாரியில் இனிக்கிற கிணறு ஆடி, ஆவணியில் ஏன் சவர்க்கிறது?

கடல்நீர் நன்னீரைவிடச் சற்றுக் கனமானது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீரினது ஏறத்தாழ 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்தால் நன்னீர் ஒரு வில்லைபோலக் கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு அது உவர்நீரை அமுக்கி வைத்திருக்கும். கைபன்–ஏர்ஸ்பேர்க் தொடர்பு என்று உயர்தரப் பிள்ளைகள் படிப்பது இதைத்தான்.

இதையே திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கினால், உவர்நீர் காலப்போக்கில் 4 மீற்றர் வரை மேலே வர இடமுண்டு. களத்தில் கணக்கு இவ்வளவு ஒழுங்காக வராது. நன்னீருக்கும் உவர்நீருக்கும் நடுவே கலப்பு வலயம் ஒன்று இருக்கும், வெடிப்புகள் ஒரு பக்கம் வேகமாக இழுக்கும். ஆனால் போக்கு இதுதான்.

இதனால் எவ்வளவு இறைக்கிறோம் என்பதோடு எவ்வளவு வேகமாக இறைக்கிறோம் என்பதும் முக்கியமாகிறது. துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு இடைவெளி கிடைத்தது. பெரிய குதிரைவலுப் பம்பி ஒரு மணித்தியாலத்தில் அடிமட்டம்வரை உறிஞ்சும்போது, நேர் கீழேயுள்ள உவர்நீர் கூம்புபோல மேலெழும். பம்பியை நிறுத்தினால் நன்னீர்மட்டம் சீக்கிரம் ஏறிவிடும், ஆனால் எழுந்த உவர் இறங்க நாட்கணக்கு, சில வேளை மாதக்கணக்கு ஆகும். கரையோரத் தோட்டக்காரர் சின்னப் பம்பியால் காலையும் மாலையுமாகப் பிரித்து இறைப்பதும், குழாய்க்கிணற்றை ஆழமாக்காமல் விடுவதும் சரியான வழி. சவர்க்கிறது என்று இன்னும் ஆழமாகத் துளைப்பது உவர்நீரை நோக்கிப் போவதுதான்.

எவ்வளவு கடல்நீர் கலந்தால் குடிக்க முடியாமல் போகும்?

நினைப்பதைவிட மிகக் குறைவு. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு இருக்கிறது. 250 மில்லிகிராமைத் தாண்டினாலே நாக்குக்குத் தெரியத் தொடங்கும். 20 லீற்றர் வாளியில் 260 மில்லிலீற்றர், அதாவது ஒரு பெரிய தேத்தண்ணிக் கோப்பையளவு கடல்நீர் போதும். நூற்றுக்கு 1.3 பங்குதான்.

கேத்தலில் வெள்ளைப் படை பிடிக்கிறதே, அதைக் குடித்தால் சிறுநீரகக்கல் வருமா?

அந்தப் படை கல்சியம் காபனேற்று. கொதிக்கும்போது தண்ணீரில் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேற, சுண்ணாம்பு மறுபடி கல்லாகிப் படிகிறது. வினாகிரி விட்டால் நுரைத்துக் கரைவதைப் பார்க்கலாம். இப்படிச் சுண்ணாம்பு கரைந்திருக்கும் வன்நீர் சவர்க்காரத்தை வீணாக்கும், குழாயை அடைக்கும். ஆனால் சிறுநீரகக்கல்லுக்கு அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது. வெயிலில் நின்று வேலைசெய்துவிட்டுத் தண்ணீர் குறைவாகக் குடிப்பது அதைவிட நன்றாக நிறுவப்பட்ட காரணம். வன்நீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்துக் குடிப்பவர் தமக்கே கெடுதி செய்கிறார்.

நைத்திரேற்று எப்படிக் கிணற்றுக்குள் வருகிறது?

நைத்திரேற்று என்பது நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த, தண்ணீரில் எளிதில் கரையும் பொருள். அது தோட்டத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் வருகிறது.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். மண்ணில் விழுந்த யூரியா முதலில் அமோனியமாகிறது, பிறகு பற்றீரியாக்கள் அதை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. களித்துணிக்கைகளில் மறை ஏற்றம் உண்டு. அமோனியத்துக்கு நேர் ஏற்றம் என்பதால் அது ஒட்டிக்கொள்ளும். நைத்திரேற்றும் மறை ஏற்றமுடையது, மண் அதைப் பிடித்துவைக்காது. வெங்காயத்தின் வேரோ மேலோட்டமானது. பாத்தி நிறையத் தண்ணீர் கட்டினால் வேருக்குக் கீழே கழுவுப்பட்டுப் போன நைத்திரேற்று நேரே கல்லுக்குள் இறங்கும்.

ஒரு மூட்டையை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன். அவ்வளவும் நைத்திரேற்றானால் 23 × 62 ÷ 14 (62 நைத்திரேற்றின் நிறை, 14 அதிலுள்ள நைதரசனின் நிறை), ஏறத்தாழ 102 கிலோ. குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஒரு மூட்டைப் பசளை முழுவதும் கழுவுப்பட்டால் 20 இலட்சம் லீற்றர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதும். முழுவதும் கழுவுப்படாது, பயிர் ஒரு பங்கை எடுக்கும், இன்னொரு பங்கு வாயுவாகப் போகும். ஆனால் ஒரு போகத்தில் ஒரு ஊரில் எத்தனை மூட்டை இறங்குகிறது என்பதை நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

இயற்கைப் பசளை என்றால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் அதிகம். கோழி எருவிலும் மாட்டெருவிலும் உள்ள நைதரசனும் முடிவில் நைத்திரேற்றாகத்தான் மாறும். கிணற்றடியில் எருக்கும்பி குவித்து, அதன்மேல் மாரி மழை விழவிடுவது யூரியா எறிவதற்குச் சமம். பசளையை ஒரே தடவையில் எறியாமல் மூன்று, நான்கு தடவையாகப் பிரித்து, பயிர் எடுக்கும் பருவத்தில் போடுவதும், மண் பரிசோதனைப்படி அளவு வைப்பதும், பாத்தியை வெள்ளமாக்காமல் தூறல் அல்லது சொட்டு முறையில் நீர் விடுவதும்தான் பயன் தருபவை. இவை செலவையும் குறைக்கும்.

அதனால் யாருக்கு ஆபத்து?

முதலில் புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு. அந்த வயதில் வயிற்றில் அமிலம் குறைவு, அங்குள்ள பற்றீரியா நைத்திரேற்றை நைத்திரைற்றாக்கும். நைத்திரைற்று குருதியிலுள்ள ஈமோகுளோபினின் இரும்பை மாற்றிவிட, அது ஒட்சிசனைச் சுமக்க முடியாததாகிறது. அதைத் திருத்தும் நொதியமும் குழந்தையிடம் போதாது. உதடும் நகமும் நீலம்பாரித்துச் சாம்பல் நிறமாகும், குழந்தை சோர்ந்துபோகும். உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே இதற்கு மருந்து இருக்கிறது.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்த ஆபத்து இல்லை என்றே சொல்லலாம். தாய் குடிக்கும் நைத்திரேற்று பாலில் செறிவதில்லை. மாப்பால் கரைப்பதானால், சோதித்து 50 மில்லிகிராமுக்குக் குறைவு என்று தெரிந்த தண்ணீர் மட்டும்.

நாங்கள் கொதிக்கவைத்துத்தானே குடிக்கிறோம்?

நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் கொதிக்கவைப்பது கிருமிக்கு மட்டும் மருந்து. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி பரப்பும் கிருமிகள் செத்துவிடும். நைத்திரேற்று ஆவியாகாது. லீற்றருக்கு 60 மில்லிகிராம் உள்ள 10 லீற்றர் தண்ணீரை 8 லீற்றராக வற்றவிட்டால் அது 75 ஆகிறது. உப்பும் அப்படியே செறியும்.

குளோரீனும் கிருமிக்குத்தான். வீட்டு மண் வடிகட்டி கலங்கலையும் ஓரளவு கிருமியையும் பிடிக்கும், உப்பையோ நைத்திரேற்றையோ தொடாது. இவை இரண்டையும் எடுக்க வீட்டளவில், தண்ணீரை அழுத்தி நுண்ணிய சவ்வுக்குள்ளால் வடிக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் (RO) இயந்திரம்தான் வழி. அதிலும் எங்கள் வன்நீர் சவ்வைச் சுண்ணாம்பால் அடைத்துவிடும், முன்னால் மென்மையாக்கி இல்லாவிட்டால் சீக்கிரம் பழுதாகும். கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியை வைத்து உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் மாதமொருமுறை அளவுங்கள். இரண்டு எண்ணும் நெருங்கி வந்தால் சவ்வை மாற்றும் காலம் வந்துவிட்டது. கழிவாகப் போகும் தண்ணீரை மலசலகூடத்துக்குப் பாவிக்கலாம், கிணற்றடியில் விடக்கூடாது.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் எவ்வளவு தூரம் வேண்டும்?

பொதுவாகச் சொல்லப்படும் குறைந்த அளவு 15 மீற்றர், அதாவது 50 அடி. வெடித்த சுண்ணாம்புக்கல்லில் அதை நம்பியிருக்கக் கூடாது, 30 மீற்றர் வைப்பது புத்தி. ஆனால் இரண்டு பரப்புக் காணியை எடுத்துப் பாருங்கள். அது ஏறத்தாழ 506 சதுரமீற்றர். சரிசதுரமான வளவானால் பக்கம் 22½ மீற்றர், மூலைக்கு மூலை 32 மீற்றர். கிணறு ஒரு மூலையிலும் குழி எதிர்மூலையிலும் இருந்தால்தான் 30 வரும். அப்படி வைத்தாலும் உங்கள் கிணற்றுக்குப் பக்கத்து மதிலோடு அயல்வீட்டுக்காரரின் குழி இருக்கும். ஆகவே தூரத்தைவிடக் குழியின் வகை முக்கியம். அடியும் சுவரும் சீமெந்தால் அடைத்த, இரண்டு அறையுள்ள தொட்டி கட்டி, அதிலிருந்து வரும் நீரைத் தரைமட்டத்துக்கு மேலே உயர்த்திய மண்படுக்கையில் விடுவதுதான் எங்கள் நிலத்துக்குப் பொருத்தம். அடி திறந்த குழியை மாரியில் நிலத்தடி நீர் ஏறி வந்து தொட்டுவிடும். அப்போது மலக்குழியும் கிணறும் ஒரே தொட்டி.

வெள்ளம் புகுந்த கிணற்றை எப்படிச் சுத்தம் செய்வது?

அவசரப்படாமல். சுற்றுநிலம் ஊறி நிற்கும்போது கிணற்றை இறைத்தால் கட்டு இடிந்து விழலாம், அழுக்குநீரும் மறுபடி உள்ளே வரும். வளவில் வெள்ளம் வற்றி, நீர்மட்டம் வழமையான அளவுக்கு இறங்கும்வரை பொறுத்திருங்கள். அதுவரை வேறு தண்ணீர் அல்லது கொதித்த தண்ணீர். கரையோரக் கிணறானால் அடிவரை இறைக்கவே வேண்டாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடல் புகுந்த கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்ததில், கீழேயிருந்த உவர் இன்னும் மேலே இழுபட்டது.

நேரம் வந்ததும் மிதக்கும் குப்பையை அள்ளி, கிணற்றை இறைத்து, சேற்றை எடுத்து, உட்கட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். மறுபடி ஊறியபின் குளோரீன். கணக்கு இப்படி:

கிணற்றின் விட்டம் 3 மீற்றர், தண்ணீரின் ஆழம் 2 மீற்றர் என்று வையுங்கள். கனவளவு 3.14 × 1.5 × 1.5 × 2 = 14.13 கனமீற்றர், அதாவது 14,130 லீற்றர். வெள்ளத்துக்குப் பிறகான கிருமிநீக்கத்துக்கு லீற்றருக்கு 20 மில்லிகிராம் குளோரீன் வைத்தால் 283 கிராம் குளோரீன் தேவை. வெளிற்றும் தூளில் நூற்றுக்கு 30 பங்கு குளோரீன் இருந்தால் 283 ÷ 0.30, ஏறத்தாழ 940 கிராம் தூள்.

தூளை நேரே கிணற்றுக்குள் கொட்டக் கூடாது. பிளாஸ்ரிக் வாளிகளில் பிரித்துக் கரைத்து, அரை மணித்தியாலம் விட்டால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்த நீரை மட்டும் கிணற்றுக்குள் சுற்றிவர ஊற்றி, வாளியைத் தாழ்த்தித் தாழ்த்தி நன்றாகக் கலக்குங்கள். ஓர் இரவு விட்டு, குளோரீன் மணம் போகும்வரை இறைத்தபின்தான் குடிக்கலாம். வெளியில், காற்றுப் பக்கம் முதுகைக் காட்டி, கையுறையோடு கரையுங்கள். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு இந்தத் தூள் சேர்ந்தால் நச்சுக் குளோரீன் வாயு கிளம்பும்.

பெரும்பாலும் பிழைக்கிற இடம் தூளின் பழமை. வாய் திறந்த பையில் மாதக்கணக்காகக் கிடந்த தூளில் குளோரீன் போய்ச் சுண்ணாம்புதான் மிஞ்சியிருக்கும். மணமே வராவிட்டால் அதை நம்பாதீர்கள். அளவு பற்றிச் சந்தேகமென்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள், எஞ்சிய குளோரீனையும் அவர் அளந்து தருவார்.

வெள்ளநீரில் வெறுங்காலோடு நிற்பது இன்னொரு ஆபத்து. எலியின் சிறுநீரிலுள்ள கிருமி தோல் வெடிப்பால் உள்ளே போய் எலிக்காய்ச்சல் உண்டாக்கும். 2024 டிசம்பரில் வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் அது பரவி உயிர்களையும் எடுத்தது. சேறு அள்ளிய இரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் தசைநோவும் வந்தால், வைத்தியரிடம் வெள்ளத்தில் நின்றதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

இறைக்கும் பம்பியைக் கிணற்றுக்குள் இறக்கலாமா?

எண்ணெயில் ஓடும் எஞ்சினை ஒருபோதும் இறக்கக் கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை, கிணற்றுக்குள் தேங்கிச் சில நிமிடத்தில் ஆளை மயக்கிக் கொல்லும். மெழுகுதிரி இறக்கிப் பார்ப்பது இதைக் காட்டாது. சுடர் அணையாத காற்றிலும் ஆள் விழலாம். ஒருவர் மயங்கி விழுந்தால் பின்னால் குதிப்பவரும் விழுவார். இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே இரண்டுபேர், எஞ்சின் எப்போதும் வெளியே.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் எப்படி வந்தது?

அங்கிருந்த அனல் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்துக்குள் இறங்கியது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது, நீர்மட்டத்தின்மேல் படலமாக மிதக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது படலமும் இறங்கிக் கல்லின் வெடிப்புகளில் ஒட்டிக்கொள்ளும், மாரியில் நீர் ஏறும்போது மறுபடி கிளம்பும். ஒருமுறை தெளிவாக இருந்த கிணறு அடுத்த பருவத்தில் மணப்பது இதனால்தான். எண்ணெய் மணக்கும் நீருக்குக் கொதிக்கவைப்பதும் குளோரீனும் தீர்வல்ல. அதைக் குடிக்காமல் விட்டு ஆய்வுகூடத்தில் சோதிக்க வேண்டும். வாகனம் திருத்துமிடங்களில் பழைய எஞ்சின் எண்ணெயை மண்ணில் ஊற்றுவதும் இதே வேலையைத்தான் சின்ன அளவில் செய்கிறது.

கூரை மழைநீரைச் சேர்த்தால் போதுமா?

குடிக்கவும் சமைக்கவும் தாராளமாகப் போதும். 100 சதுரமீற்றர் கூரையில் 1,200 மில்லிமீற்றர் மழை விழுந்து, ஐந்தில் ஒரு பங்கு சிந்திப்போனாலும் 96,000 லீற்றர். ஐந்துபேர் வீட்டில் ஆளுக்கு 5 லீற்றர் என்றால் நாளுக்கு 25. ஒரு 8,000 லீற்றர்த் தொட்டி 320 நாளைக்கு வரும். மீதியைக் கிணற்றடியில் சல்லியும் மணலும் நிரப்பிய குழிக்குள் விட்டு நிலத்துக்குக் கொடுக்கலாம். முதல் மழையின் முதல் 100 லீற்றரை வெளியே விடுங்கள், அதில் பறவை எச்சமும் தூசியும் இருக்கும். தொட்டி வாய்க்கு நுளம்பு புகாத வலை கட்டாயம், இல்லாவிட்டால் தண்ணீரோடு டெங்கையும் சேர்த்துவைப்பீர்கள்.

வடமராட்சி கிழக்குத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே, இனிக் கிணறு எதற்கு?

2024 ஓகஸ்டில் திறந்த அந்த நிலையத்தின் கொள்ளளவு நாளுக்கு 24,000 கனமீற்றர். நைத்திரேற்றுக் கூடிய ஊர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அது குழாயில் வரும் வீட்டுத் தண்ணீர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் வாழைக்கும் தொடர்ந்து கிணறுதான். குளங்களைத் தூர்வாரி மாரிநீரை நிலத்துக்குள் விடும் வேலையை எந்த இயந்திரமும் நமக்காகச் செய்யாது.

பாடசாலைச் செயற்றிட்டத்துக்கு எதை அளக்கலாம்?

ஒரே ஊரில் கடலிலிருந்து உள்ளே போகும் நேர்கோட்டில் ஆறு கிணறுகளைத் தெரிவுசெய்யுங்கள். செப்ரெம்பர், நவம்பர், ஜனவரி, ஏப்ரல் என நான்கு தடவை ஒரே கிணறுகளில், ஒரே நேரத்தில் அளவுங்கள். கிணற்றுக் கட்டின் ஒரே அடையாளத்திலிருந்து நீர்மட்டம்வரை நாடாவால் ஆழம், மின்கடத்துதிறன், சோதனைப் பட்டியால் நைத்திரேற்று, பக்கத்துத் தோட்டத்தில் என்ன பயிர், மலக்குழி எத்தனை அடி என்று எழுதுங்கள். பட்டியில் அளவு நைதரசனாகவா நைத்திரேற்றாகவா தரப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நைதரசனாகச் சொன்ன 11, நைத்திரேற்றாகச் சொன்ன 50க்கு ஏறத்தாழச் சமம். இதில் பிழைவிட்டு நல்ல கிணற்றைக் கெட்டதென்றும் கெட்டதை நல்லதென்றும் எழுதிய அறிக்கைகள் உண்டு.

ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதானால் நைத்திரேற்று மாதிரிக்கு அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிய பிளாஸ்ரிக் போத்தல் போதும். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் கிருமியகற்றிய போத்தலை அலசவே கூடாது. வாய்ப்பகுதியைக் கையால் தொடாமல் நிரப்பி, மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.